மெட்டு வேறு, முத்திரை ஒன்று!

மேடைகளிலே பாடும் தோழர்களிடையே ஒரு வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஒரு சாரார் சொல்கிறார்கள்: "நம் குழுவின் பாட்டு என்றால் முதல் அடியிலேயே அடையாளம் தெரிய வேண்டும். ஆகவே அதே தாளம், அதே முழக்கம், மாற்றக் கூடாது" என்று. மறு சாராரோ, "மக்கள் சலித்துவிட்டார்கள், நேற்று வந்த படத்தில் எந்த மெட்டு ஓடுகிறதோ அதை எடு, நம் சொல்லை ஏற்று" என்கிறார்கள். முதல் சாராரின் கூட்டத்திலே, மூன்றாவது பாட்டுக்கே ஆட்கள் தேநீர்க் கடைப் பக்கம் நகர்கிறார்கள். இரண்டாம் சாராரின் கூட்டத்திலே எவரும் நகர்வதில்லை. ஆனால் வீடு திரும்பும்போது அவர்கள் வாயில் வருவது படத்தின் சொல். நம் சொல் அல்ல!

மாற்றமா, முத்திரையா? இரண்டில் ஒன்றைத்தான் கொள்ள முடியும் என்று எண்ணுகிறவர்கள் 1964-ஆம் ஆண்டைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டுகிறோம்.

அந்த ஓராண்டிலே விசுவநாதன்—இராமமூர்த்தி இரட்டையர் இசையில் வெளிவந்த படங்களுள் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்குக் 'கர்ணன்'. அடுத்த மாதமே 'காதலிக்க நேரமில்லை'. பின்னர் 'புதிய பறவை'. தீபாவளிக்குப் 'படகோட்டி'. ஒன்று பாரதக் களம். மற்றொன்று இளைஞர் கூத்து. மூன்றாவது குற்றம் உறுத்தும் உள்ளத்தின் கதறல். நான்காவது மீனவர் குப்பம். நாலும் நாலு உலகம். ஆயினும், எந்தப் பாட்டை எங்கே கேட்டாலும், "இது அவர்கள் போட்டது" என்று சைக்கிள் கடைத் தோழர் சொல்லிவிடுவார். எப்படி?

இவர்கள் அரண்மனையிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்பதை முதலில் நினைவிற் கொள்ளுங்கள். இராமமூர்த்தி திருச்சியின் பிடில் பரம்பரை. விசுவநாதனோ பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்து, நான்கு வயதில் தந்தையை இழந்து, படக் கம்பெனியிலே எடுபிடி வேலை பார்த்து மேலே வந்தவர். இருவரும் சி. ஆர். சுப்பராமன் குழுவிலே தொழில் பழகினார்கள். 1952-இல் அந்த மேதை இளவயதில் மறைந்தார். அதே ஆண்டு கலைவாணரின் 'பணம்' படத்துக்கு இரட்டையராக இசையமைத்தார்கள்.

'கர்ணன்' படத்துக்கு வருவோம். வடநாட்டுக் கதை என்பதற்காக இந்துஸ்தானி இராகங்களை எடுத்தாண்டார்கள். ஷெனாயும் சாரங்கியும் ஒலித்தன. கர்ணனின் அவையிலே அவன் கொடையைப் புகழும் ஒரு காட்சி வரும். சீர்காழி கோவிந்தராசன், திருச்சி லோகநாதன், சௌந்தரராசன், பி. பி. சீனிவாஸ்: நான்கு குரல்கள். பொருள் ஒன்றே, கொடை. ஆனால் நான்கு பேருக்கும் நான்கு நடை! அடுத்து வருபவர் முன்னவரை மறுக்க வரவில்லை. முன்னவர் விட்ட இடத்தை நிரப்ப வருகிறார். நம் மேடையிலே நால்வர் அடுத்தடுத்துப் பாடினால் இப்படியா இருக்கிறது? ஒருவர் கத்தியதைவிட மற்றவர் உரக்கக் கத்துவதையே வேறுபாடு என்று கருதிக்கொண்டிருக்கிறோம்.

'காதலிக்க நேரமில்லை'யில் உழைக்கும் தோழர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன், எஸ்டேட் முதலாளியின் வீட்டெதிரே கூடாரம் அடித்து, வேலையைத் திருப்பிக் கேட்டுப் பாடுகிறான். ஆலை வாயிலில் நாம் எழுப்பும் கோரிக்கை அல்லவா அது! அதற்கு அழுகை மெட்டும் போடவில்லை, போர்ப்பறையும் கொட்டவில்லை. கோஷம் போடும்போது நாக்கு இயல்பாக எப்படித் துள்ளுமோ, அந்தத் துள்ளலையே மேனாட்டு ஆட்டத் தாளத்தில் பிடித்தார்கள். சிரித்துக்கொண்டே கேட்கிறோம், கோரிக்கையும் மறப்பதில்லை.

'புதிய பறவை'யின் பெரும் வாத்தியக் கூட்டம் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 'படகோட்டி' வேறு வகை. வாலியின் சொல், கடலோரத்து வாழ்வு. வாத்தியம் ஒதுங்கி நின்று குரலுக்கு வழிவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவே மாறாதது எது? மெட்டு சொல்லை விழுங்காது. கண்ணதாசன் சொன்னதோ வாலி சொன்னதோ, கடைசி வரிசைக்காரனுக்கும் காதில் விழும். சரணத்திலே மெட்டு எங்கோ எட்டிப் போகும். ஆனால் பல்லவிக்குத் திரும்பும் வழி தடங்கலின்றி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வாத்தியமும் இல்லாமல், தறியிலே நாடா ஓட்டிக்கொண்டே முணுமுணுக்க முடியும். அதுதான் முத்திரை! ஷெனாயும் பாங்கோவும் சட்டை மாற்றுவது போன்றவை. நடந்து வருகிறவரின் நடை மாறவில்லை.

1965-இல் இருவரும் பிரிந்தார்கள். விசுவநாதன் தனியே தொடர்ந்தார். 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்து அரசு விழாக்களின் வாழ்த்துப் பாடலானபோது அதற்கு மெட்டமைத்தவர் அவரே. மோகன இராகம், ஐந்தே சுரங்கள், திசிர நடை. ஆட்டத் தாளம் போட்ட அதே கைதான்! பயிற்சி இல்லாத பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் நின்று பாடினாலும் சொல் சிதையவில்லை.

இனி நம் வேலை. மே நாள் ஊர்வலத்தில் பாடுகிறவன் நடந்துகொண்டே பாடுகிறான், மூச்சு வாங்கும். அடிகள் குறுகியிருக்க வேண்டும்; நாலடி வைத்தால் ஒரு வரி முடிய வேண்டும். மறைந்த தோழருக்கு நினைவஞ்சலி செலுத்தும் கூட்டத்தில் கேட்பவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பறை எதற்கு? ஒரு குரல் போதும். வாக்குச் சேகரிக்கத் தெருவில் போகும்போது, கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் தாய் கேட்பது ஒரு நிமிடம். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றுக்கும் ஒரே மெட்டைப் போடுவது, சட்டி பானை முறம் மூன்றையும் ஒரே அச்சில் வார்ப்பதற்கு ஒப்பு. இப்போது கீபோர்டுப் பெட்டி வேறு வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது. அழுத்திய தோழர் அதற்குப் பின்னாலேயே ஓடுகிறார்!

நம் குழுவினர் கூடி உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் ஒன்று உண்டு. 1964 டிசம்பரில் வந்த 'சர்வர் சுந்தரம்'. ஒரு பாட்டு பதிவாவதையே அதில் காட்சியாக எடுத்திருக்கிறார்கள். சௌந்தரராசன் நின்று பாடுகிறார், விசுவநாதன் நடத்துகிறார், சுற்றிலும் வாத்தியத் தொழிலாளர்கள். அவர்களிலே யாருடைய கை எப்போது வேலை செய்கிறது, எப்போது சும்மா இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். டோலக்குத் தோழர் கட்டாயம் வர வேண்டும். முதல் பாட்டு தொடங்கிக் கடைசிப் பாட்டு முடியும்வரை அவர் கை ஓய்ந்து நாம் கண்டதே இல்லை.