துணைநூல் தேடும் காலம்

அன்று, பேராக் தோட்டத்துப் பிள்ளைக்குக் கற்பனைப் பயணம் என்பதே முதலில் மொழிப் பயணம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, புகுமுக வகுப்பில் ஓராண்டு, அதற்கப்புறம்தான் இடைநிலைப்பள்ளி. அங்கே ஆங்கில ஆசிரியர் கையில் எடுத்த கதையே கதை. லயத்து வீட்டில் அதற்குத் துணையாக இன்னொரு ஆங்கிலப் புத்தகம் ஏது?

2000இல் ஆங்கிலப் பாடத்தோடு இலக்கியக் கூறு சேர்ந்தது. ஐந்தாம் படிவ நாவல் பட்டியலில் ஸ்டைன்பெக்கின் ‘தி பேர்ல்’ இருந்தது. கெடா, பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ நாவலும் இருந்தது. ஆனாலும் எந்த வட்டாரத்துக்கு எந்த நாவல் என்பது மேலிடத்து முடிவு.

இன்று பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் தாமான் வீடுகளில், கைப்பேசியோடு. நூல் பஞ்சம் தீர்ந்தது. எதை எடுப்பது என்பதே சிக்கல். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2004 முதல் 2008 வரை பள்ளி இறுதி ஆங்கிலத்தில் ‘பயணம்’ பொதுக் கருப்பொருளாக இருந்தபோது, துணைநூலை மாணவரே தேட வேண்டியிருந்தது. ஈப்போ மாணவர் தேடினால் என்ன கிடைக்கும்?

ஜூல்ஸ் வேர்னின் பூமிக்குள் போகும் கதையை (1864) வைத்துக்கொள்வோம். ஐஸ்லாந்து எரிமலையில் இறங்கி, இத்தாலியின் ஸ்ட்ரோம்போலியில் வெளிவந்து, புகழோடு ஹாம்பர்க் திரும்புகிறார் பேராசிரியர். இதற்குத் துணையாக இன்னொரு குகைக் கதையைத் தேடினால் கோப்பெங்கின் தெம்புரோங் குகையோடு பாடம் முடிந்துவிடும். யாங்ஸி சூவின் ‘தி நைட் டைகர்’ (2019) எடுத்தால் வேறு கதை. 1930களின் ஈப்போவில் ஜி லின் கனவில் ஒரு ரயில் நிலையம் வருகிறது. இறந்துபோன சிறுவன் அங்கே நிற்கிறான். பத்து காஜாவில் அவனுடைய இரட்டைச் சகோதரன் ரென், மாண்ட எஜமானரின் விரலை 49 நாளுக்குள் தேடி அலைகிறான். இங்கே பயணம் புகழுக்கு அல்ல, கடன் தீர்க்க.

மூன்றாவதாக மணிமேகலைக் காப்பியம்; அதற்கு ஆலன் டேனியலூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. மணிபல்லவத்துக்குத் தூக்கத்தில் கொண்டுபோகப்பட்டவள், முற்பிறப்பை அறிந்து, அமுதசுரபியோடு புகாருக்குத் திரும்பிப் பசித்தவருக்குச் சோறிடுகிறாள்.

போனவர் எதற்குப் போனார், யாருக்காகத் திரும்பினார்? மூன்று நூலுக்கும் மூன்று பதில். பாடநூல் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் துணைநூல் மாணவருக்கு எதற்கு? எதிர்க்கேள்வி கேட்கும் நூலைத் தேடச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த காரணத்தை எழுதச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.