தொடக்கநிலை வாசகர்க்கான படக்கதைகளில் நட்பும் விளியும்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கான படக்கதைகளில் அடிக்கடி இடம்பெறும் பொருண்மை, புதிய நண்பரைப் பெறுதல் என்பதாகும். இதனைத் தமிழில் படைக்குங்கால் எழும் மொழிச்சிக்கல் ஒன்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தமிழுக்குப் படக்கதை புதியதன்று. எனினும், 1972இல் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ் பெரிதும் மொழிபெயர்த்தளித்தவை சரளமாகப் படிக்க வல்லோர்க்குரிய சாகசக் கதைகளே. 2023இல் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளாக வகுத்தது. ஆங்கிலத்தில் மோ வில்லெம்ஸ் 2007 முதல் 2016 வரை எழுதிய, யானையும் பன்றிக்குட்டியும் நண்பர்களாக வரும் 25 நூல்களில் கதை பேச்சுக்குமிழ்களாலேயே நகர்கிறது.

பேச்சுக்குமிழ் தமிழ்க் குழந்தைக்குத் தனிநன்மை தருவது. உரைநடையில் ஒருவர் கூற்று முடிந்த பின்னரே 'என்று கேட்டான்' என்பது வருதலின், பேசுபவர் யாரெனக் குழந்தை இறுதிவரை காத்திருக்க நேரும். குமிழில் படமே அதனை உணர்த்திவிடுகிறது, தொடரும் சுருங்குகிறது.

ஆயின் குமிழுக்குள் எந்தத் தமிழ்? பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டைவழக்குச் சூழல் தமிழுக்கும் உரியது. பொட்டிபுரத்துப் பள்ளி ஒன்றினைக் கருதுவோம். ஏலத்தோட்ட வேலையை நாடி இடம்பெயர்ந்த குடும்பத்துச் சிறுமி புதிதாக வந்து சேர்கிறாள். 'நீயும் விளையாட வருகிறாயா?' என எழுதினால் எழுத்து பழகியதாகும். ஆனால் எந்தக் குழந்தையும் அவ்வாறு அழைப்பதில்லை. 'நீயும் வெளாட வர்றியா?' என எழுதினால் அழைப்பு உயிர்பெறும். எழுத்துக்கோவையோ பாடநூலில் காணாதது.

இச்சிக்கல் நட்புக்கதையில் கூடுதல் கூர்மை பெறுகிறது. தமிழில் நெருக்கத்தின் வளர்ச்சி விளியில் புலப்படுவதே காரணம். முதற்சந்திப்பில் பெயரும் சொல்லாமல் பேச்சு தொடங்கும். பின்னர்ப் பெயர் வரும். இறுதியில் 'டா', 'டி' வரும். மூத்தவனாயின் 'அண்ணே' என்பதே உறவின் வாயிலாகும். அறிமுகமின்றி வரும் 'டா' புண்படுத்தும்; அதே சொல் பத்தாம் பக்கத்தில் நட்பின் சான்றாகும். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் இம்மாற்றத்தைக் காட்டாது. ஆதலின் நேர்மொழிபெயர்ப்பில் நட்பு உருவாகும் தருணமே தவறிவிடக்கூடும். விளிக்கெனச் சொல்லதிகாரத்துள் ஓர் இயலையே தொல்காப்பியர் வகுத்தமை ஈண்டு நினையத்தக்கது.

எனவே, கதைசொல்லியின் குரலை எழுத்துவழக்கிலும் குமிழ்களைப் பேச்சுவழக்கிலும் அமைத்தல் பொருத்தமாகும். பேச்சு வடிவங்களைச் சிலவாகத் தெரிந்து, ஒரே எழுத்துக்கோவையில் மீண்டும் மீண்டும் ஆளுதல் வேண்டும். அவ்வாறாயின், புதுப்பள்ளியில் தனித்து நிற்கும் குழந்தை, தான் கேட்க விரும்பும் அழைப்பையே தானே படிக்கவும் இயலும்.