தீயைத் தாங்கும் மரம், காலடியைத் தாங்காது

உலகில் இன்று உயிருடன் நிற்கும் மரங்களில் மிக உயரமானது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ளது. ‘ஹைப்பீரியன்’ என்பது அதன் பெயர். உயரம் ஏறக்குறைய 116 மீட்டர். அதாவது, 35 மாடிக் கட்டடத்தின் உச்சியை எட்டிவிடும்.

ஹைப்பீரியன் ‘கோஸ்ட் ரெட்வுட்’ என்னும் ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. ஆந்திரக் காடுகளில் வளரும் செம்மரம் வேறு, இது வேறு. 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இந்த மரத்தை இன்று யாரும் நெருங்க முடியாது. 2022 முதல் தடையை மீறிச் செல்வோருக்கு 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். மரத்தை யாரும் வெட்ட வந்ததால் வந்த தடையன்று இது. பார்க்க வந்தவர்களின் கால்களே காரணம். இத்தனை பெரிய மரத்தைக் காலடிகள் என்ன செய்துவிடும்?

விடையைத் தெரிந்துகொள்ள, அதே இன மரங்களுக்கு நடுவே செல்லும் ஓர் எளிய சுற்றுப்பாதையில் நடந்து பார்ப்போம்.

ஒரு மணி நேரச் சுற்று

சான் ஃபிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ளது மியூர் உட்ஸ் காடு. காட்டின் நடுவே ரெட்வுட் கிரீக் என்னும் ஓடை ஓடுகிறது. ஓடையின் ஒரு கரையில் நடந்து, பாலத்தைக் கடந்து, மறு கரை வழியே தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். இரண்டாம் பாலத்தில் திரும்பினால் சுமார் 800 மீட்டர்; மூன்றாம் பாலம்வரை சென்று திரும்பினால் சுமார் 1.6 கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகமில்லை. தாத்தா பாட்டியும் சிறு பிள்ளைகளும் ஒரு மணி நேரத்தில் நிதானமாக நடந்து முடிக்கலாம்.

இங்குள்ள மிக உயரமான மரம் ஏறக்குறைய 79 மீட்டர். பெரும்பாலான பெரிய மரங்களின் வயது 600 முதல் 800 ஆண்டுகள். சில மரங்களின் அடிப்பகுதி குகைபோலக் கருகியிருக்கும். ஆனால் மேலே இலைகள் பச்சையாகவே இருக்கும். ரெட்வுட்டின் பட்டை 30 சென்டிமீட்டர் வரை தடிமனாக வளரும். அதில் எளிதில் தீப்பற்றும் பிசின் மிகக் குறைவு. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. டானின் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் விலக்கும். தாய்மரம் எரிந்தாலும் வெட்டப்பட்டாலும் அதன் அடியிலிருந்து புதிய கன்றுகள் வட்டமாகக் கிளம்பும்.

தரையிலும் ஒரு கண் வையுங்கள். மூன்று மூன்று இலைகளாகப் படர்ந்திருப்பது ரெட்வுட் சோரல். நம் வீட்டுத் தொட்டிகளில் தானாக முளைக்கும் புளியாரையின் உறவுச் செடி. நிழலுக்குப் பழகிய இச்செடி, நேரடி வெயில் பட்டால் சில நிமிடங்களில் குடையை மடக்குவதுபோல் இலைகளை மடக்கிக்கொள்ளும்.

மூடுபனி தரும் நீர்

கலிஃபோர்னியாவில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடையில் மாதக்கணக்கில் வானம் வறண்டிருக்கும். அப்போது மரங்களுக்குக் கைகொடுப்பது பசிபிக் கடலிலிருந்து வரும் மூடுபனி. ஊசியிலைகளில் பனி படிந்து, துளிகளாகத் திரண்டு, தரையில் சொட்டும். 1998இல் வெளியான டாட் டாசனின் ஆய்வு, வட கலிஃபோர்னிய ரெட்வுட் காடு ஒன்றில் ஆண்டுதோறும் சேர்ந்த நீரில் சராசரியாக 34 விழுக்காடு இப்படிச் சொட்டியதே என்று கணக்கிட்டது. இலைகளும் பனியிலிருந்து சிறிது ஈரத்தை நேரடியாக உறிஞ்சுகின்றன.

உயரமான மரத்துக்கு இது பெரிய உதவி. நீராவிப்போக்கின் இழுவிசையால்தான் வேரிலிருந்து நீர் மேலே ஏறுகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். உயரம் கூடக்கூடப் புவியீர்ப்பு அந்த நீர்த்தம்பத்தைக் கீழே இழுக்கும். இந்தக் காரணத்தால் எந்த மரமும் 122 முதல் 130 மீட்டருக்கு மேல் வளர இயலாது என 2004இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

வேர் எங்கே இருக்கிறது?

இவ்வளவு உயரமான மரத்துக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ரெட்வுட்டின் வேர்கள் பொதுவாக 2 முதல் 4 மீட்டர் ஆழமே செல்கின்றன. ஆனால் பக்கவாட்டில் 30 மீட்டர் வரை பரவி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. மேல்மண்ணில் சொட்டும் பனிநீரைப் பிடிக்க இந்த அமைப்பு ஏற்றது.

காலடி செய்யும் கேடு இங்குதான் தொடங்குகிறது. நல்ல மண்ணில் துகள்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் உண்டு. காற்றும் நீரும் அவற்றின் வழியேதான் வேரைச் சேரும். ஆயிரக்கணக்கானோர் மிதித்தால் அந்த இடைவெளிகள் அடைபட்டு மண் இறுகிவிடும். வேருக்கு ஆக்சிஜன் குறையும். பனிநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். ஹைப்பீரியனின் அடியில் பெரணிச்செடிகளே வளராத நிலை வந்தது. மியூர் உட்ஸில் பல இடங்களில் பாதை தரையைத் தொடாத மரப்பலகையாகவும், ஓரத்தில் வேலியோடும் இருப்பதன் காரணம் இதுதான்.

இக்காடு ஒருமுறை தப்பிப் பிழைத்தது. வில்லியம் கென்ட் 1905இல் இந்நிலத்தை வாங்கினார். ஒரு தண்ணீர் நிறுவனம் ஓடையில் அணை கட்ட நிலத்தைக் கேட்டபோது, அவரும் மனைவி எலிசபெத்தும் காட்டை அரசுக்கே தானமாகக் கொடுத்தனர். 1908இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். அதற்குத் தம் பெயரை வைக்க கென்ட் இசையவில்லை. இயற்கை ஆர்வலர் ஜான் மியூரின் பெயரே நிலைத்தது. அணையிலிருந்து காட்டைக் காக்க ஒரு தம்பதியின் முடிவு போதுமானதாக இருந்தது. காலடியிலிருந்து காக்க, வருகிற ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும்.

நம் நாட்டிலும் ஓங்கி வளர்ந்த மரங்களுக்குக் குறைவில்லை. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 100.8 மீட்டர் உயர மெராந்தி மரம் ஒன்று நிற்கிறது. மழைக்காட்டு மண்ணில் சத்து பெரும்பாலும் மேல் அடுக்கில்தான் இருப்பதால், இங்கும் பல மரங்களின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. பள்ளி விடுமுறையில் தாமான் நெகாரா போகிறீர்களா? படம் எடுப்பதற்காகப் பலகைப் பாதையை விட்டு இறங்க நினைக்கும் முன், உங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களே விடை சொல்வார்கள்.