பிறர் பட்டறிவு நமக்குப் பாடம்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர்)

"பட்டால்தான் தெரியும்" என்பது நம் கிராமங்களில் வழங்கும் பேச்சு. பட்டுத் தெரிந்துகொள்வது உறுதியான கல்விதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் கட்டணம் மிக அதிகம். ஏழை உழவனுக்கும் மீனவனுக்கும் ஒரு பருவத்து இழப்பே பல ஆண்டுக் கடனாகிவிடும். ஆகவே, பிறர் பட்டதைக் கேட்டறிந்து நம் தொழிலில் பயன்படுத்திக்கொள்வதே சிக்கனமான வழியாகும்.

வில்லியனூரில் சுடுமண் வேலை பயிலப் புகும் இளைஞனை எடுத்துக்கொள்வோம். முழுதும் உலராத பாண்டத்தைச் சூளையில் ஏற்றினால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பாண்டத்தை வெடிக்கச் செய்யும். அனுபவமுள்ள கைவினைஞர் ஒரு வார்த்தையில் இதைச் சொல்லிவிடுவார். கேளாதவன் ஒரு சூளைப் பாண்டங்களை இழந்து இதனை அறிவான்.

பிள்ளைச்சாவடி தரும் பாடம்

புதுவைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ளது பிள்ளைச்சாவடி. அங்குச் சென்றிருந்தபோது, முதிய மீனவர் ஒருவர் அலை புரளும் இடத்தைக் காட்டி, "ஐயா, அங்கே நின்றுதான் நாங்கள் கரைவலை இழுத்தோம்" என்றார். வலை உலர்த்தவும், படகு ஏற்றவும், கருவாடு காயவைக்கவும் உதவிய மணற்பரப்பு இன்று கடலுக்குள் இருக்கிறது.

இதன் காரணத்தை விளக்குவது எளிது. நம் கரையை ஒட்டி ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. குறுக்கே கற்சுவர் எழும்பினால், தெற்கில் மணல் தேங்கும். வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகப் பணி 1876இல் தொடங்கிய பின், தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரை கரைந்தது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது, தேங்கும் மணலை வடக்கே அனுப்பும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. ஆனால் அது தொடர்ந்து நடைபெறவில்லை. பின்னர்க் கரையில் பாறைகள் கொட்டப்பட்டன. பாறை உள்ள இடம் நின்றது; அரிப்போ அதற்கு வடக்கே நகர்ந்தது. பாடத்தை அறிந்தால் மட்டும் போதாது, அதனை இறுதிவரை கடைப்பிடிக்கவும் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

உயிர் காத்த ஒலிபெருக்கி

கேட்டறிந்ததால் விளைந்த நன்மைக்கும் நம் பகுதியிலேயே சான்று உண்டு. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கிற்று. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கேட்டவர்கள் கடலுக்குப் போவதா, நிற்பதா என முடிவு செய்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை அனுப்பினார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து உட்புகுந்து, ஒலிபெருக்கி வாயிலாக அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். படகுகளும் வலைகளும் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை.

கேட்கும் முறை

தொழிலாயினும், ஓய்வு நேரக் கோழி வளர்ப்பாயினும், வீட்டுத் தோட்டமாயினும், பிறரிடம் கற்போர் நான்கு விதிகளை நினைவிற்கொள்ள வேண்டும்.

1. தம் கையால் செய்தவரிடமே கேட்க வேண்டும். அவருடைய மண்ணும் நீரும் காற்றும் நம்முடையவற்றை ஒத்தவையா என்றும் பார்க்க வேண்டும்.

2. இலாபத்தைக் கேட்குமுன் இழப்பைக் கேட்க வேண்டும். எங்கே தவறினார், எவ்வளவு போயிற்று என்பதே விலைமதிப்புள்ள செய்தி.

3. செய்முறையுடன் காரணத்தையும் அறிய வேண்டும். காரணம் அறியாமல் பின்பற்றினால், ஓரிடத்தில் காத்த முறை அடுத்தவர் கரையை அரித்துவிடும்.

4. முதலில் சிறிதாகச் செய்து பார்க்க வேண்டும். ஒரு குழி நிலத்தில், ஒரு வலையில் கண்ட பலனை எழுதி வைத்து, பிறகே பெருக்க வேண்டும்.

இவற்றோடு கடமை ஒன்றும் உண்டு. நம் தவற்றை நாமும் வெட்கமின்றிப் பிறருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைச்சாவடிப் பெரியவர் விடைகொடுக்கையில், "எங்களுக்கு நேர்ந்ததை மற்ற குப்பங்களுக்கும் சொல்லுங்கள் ஐயா" என்றார். அவர் இட்ட பணியை இக்கட்டுரையின் வாயிலாகச் செய்திருக்கிறேன்.