பனிக்காலத்திலும் வெயில் உண்டு: தோலைப் பார்த்துக்கொள்வது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரே நாளுக்குள் இரண்டு பருவம் வந்துபோகிறது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது தலையில் பனி இறங்கும். கதிர் அறுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போனவர்களுக்கு நண்பகலில் முதுகு காயும். "பனிக்காலம்தானே, வெயில் என்ன செஞ்சிடப் போகுது?" என்று குடையை மூலையில் சாத்திவைத்துவிடுகிறோம். பிறகு தோல் கறுத்து, வறண்டு, வெடித்ததும் கடைக்குப் போய் யாரோ சொன்ன ஒரு டியூபை வாங்குகிறோம். அந்த டியூபை வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இங்கே.

சூடு வேறு, கதிர் வேறு

வெயிலில் நமக்கு உறைப்பது சூடு. ஆனால் தோலைக் கறுக்க வைப்பதும், சுருக்கம் விழவைப்பதும், கன்னத்தில் மங்கு படரவைப்பதும் பெரும்பாலும் புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, உடம்பில் சுடவும் சுடாது. குளிர்ந்த காற்று வீசினால் சூடு தணியும், கதிர் தணியாது. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் கதிரின் பலத்தைப் பெரிதும் முடிவுசெய்கிறது.

நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். வருடத்திலேயே அது மிகத் தாழ்ந்து போவது மார்கழியில். அப்போதும் நண்பகலில் ஏறக்குறைய 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஐரோப்பாவில் பல ஊர்களுக்குக் கோடையில்தான் இந்த அளவு வெயில் கிடைக்கும்! அதனால் 'குளிர்காலத்தில் வெயில் பயம் இல்லை' என்ற பேச்சு நம்மூருக்குப் பொருந்தாது. கொடைக்கானல், ஊட்டி போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, ஆனால் குளிரில் அது தெரிவதில்லை.

இதை அளக்கக் கருவி வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். மார்கழி நண்பகலில் ஐந்தரை அடி ஆளின் நிழல் நாலடிகூட இருக்காது. கைபேசியில் பார்க்க விரும்பினால், பெரும்பாலான வானிலைச் செயலிகளில் 'யுவி இண்டெக்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை. 8 என்றால் மிக அதிகம். 11ஐத் தாண்டினால் நண்பகலில் வெளியே போவதைத் தள்ளிப்போடுவது நல்லது. வெப்ப அலை எச்சரிக்கை தமிழில் வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசின் 'டிஎன்-அலர்ட்' செயலியை இறக்கிக்கொள்ளலாம்.

துணியைவிட நல்ல கிரீம் இல்லை

சன்ஸ்கிரீன் நல்லதுதான். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் போதும். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், வேர்த்தால் அல்லது இரண்டு மணி நேரம் ஆனால் மறுபடி பூச வேண்டும். பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுத் தடவினால் காசுதான் வீண். வயல் வேலை, கட்டட வேலை, கல் குவாரி வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அவர்களுக்கு முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அகலமான தொப்பி, குடை இவைதான் சரி. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தால் கதிரும் அதன் வழியே புகுந்துவிடும். நனைந்த வெள்ளைப் பருத்தித் துணி இந்த விஷயத்தில் ரொம்ப மோசம்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு மேலிருந்து வருகிற வெயில் போதாது என்று தண்ணீர் மேல் பட்டுத் திரும்புகிற வெயிலும் சேர்கிறது. உப்புநீர் காயக் காயத் தோல் இன்னும் வறளும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவிக்கொள்வது பழக்கமாக வேண்டும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலில் வைத்திருப்பதும் மெல்லிய துணியால் மூடுவதும் போதும்.

பனியைவிட வெந்நீர்தான் வில்லன்

கால் சொறசொறப்பு, கை வெடிப்பு எல்லாவற்றுக்கும் பனியைக் குறை சொல்கிறோம். உண்மையில் நம்மூர்க் குளிர் அவ்வளவு கொடியது இல்லை. காலையில் ஆவி பறக்க ஊற்றிக்கொள்கிற வெந்நீரும், நுரை வராத போர்வெல் தண்ணீரில் இரண்டு மூன்று முறை தேய்க்கிற சோப்பும் தோலில் இயல்பாக இருக்கிற எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுத்துவிடுகின்றன. மேலே காற்று படும்போது உள்ளே இருக்கும் ஈரமும் போய்விடுகிறது. வயதானவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ராத்திரி முழுக்கக் காலைச் சொறிந்துகொண்டே இருப்பார்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர், சீக்கிரம் முடிகிற குளியல், அக்குள், தொடை இடுக்கு, பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும் சோப்பு. குளித்துத் துவட்டியதும் ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவுங்கள். இந்த 'ஈரத்தோடு' என்பதுதான் முக்கியம். அரை மணி நேரம் கழித்துத் தடவினால் பாதிப் பலன்தான். கம்பளி உறுத்தினால் உள்ளே பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அரிப்பு ராத்திரியில் அதிகமாகி, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக வந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிய ஆரம்பித்தால் அது வறட்சி இல்லை, சிரங்காக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

மாலை போட்ட கால்கள்

சபரிமலைக்கு மாலை போட்டவர்களும், தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்களும் செருப்பில்லாமல் இருக்கிற காலம் இதுதான். அதிகாலையில் ஈரமான சாலையோரம், நண்பகலில் கொதிக்கிற தார். பித்தவெடிப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரவு தங்குமிடத்தில் காலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, துடைத்து, வாஸலின் தடவி, சாக்ஸ் போட்டுப் படுங்கள். பிளேடால் செதுக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் வேறு விதி. பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். தார் சுடுவதும் தெரியாது, வெந்நீர் கொதிப்பதும் தெரியாது. கொப்புளம் வந்து சீழ் பிடித்த பிறகுதான் கவனிப்பார்கள். ஒரு சின்ன வெடிப்பு விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகக் கூடும். நடக்கப் போவதற்கு முன்பே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவர்களிடமும் கேளுங்கள். காலுறையோ துணிச் செருப்போ போட்டு நடப்பதில் முருகனுக்கு ஒரு வருத்தமும் இருக்காது. கொப்புளம் விழுந்திருக்கிறதா என்று தினமும் இரவில் கைபேசியில் பாதத்தின் அடியைப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த டியூபில் என்ன இருக்கிறது?

"ஒரு வாரத்துல வெள்ளையாயிடும்" என்று சொல்லித் தருகிற கிரீம்களில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று ஸ்டீராய்டு. டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். போட்ட சில நாளில் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவந்து, பருவும் முடியும் முளைத்து, வெயிலில் நிற்கவே முடியாமல் எரியும். இதனால்தான் 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவிட்டது. படர்தாமரைக்கு இதைப் போட்டால் அரிப்பு நின்ற மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே போகும்.

இன்னொன்று பாதரசம். தயாரிப்பாளர் முகவரி இல்லாமல் விற்கிற சில சிவப்பழகு கிரீம்களில் இது இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் இப்படிப்பட்ட கிரீம் பூசியிருந்தது 2023இல் தெரியவந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போயிருக்கிறது.

எப்போது காட்ட வேண்டும்?

வெளிர் நிறத் தேமல் எல்லாம் வெயிலால் வருவது இல்லை. அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, அரசு மருத்துவமனைகளில் மருந்து முழுக்க இலவசம், சீக்கிரம் தொடங்கினால் ஊனம் வராது. ஆறாத புண், நிறமோ அளவோ மாறுகிற மச்சம், கொப்புளம் வந்த வெயில் காயம் இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். வெயிலில் யாராவது குழறிப் பேசினாலோ மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.

போக நேரமில்லை என்றால் 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம், அல்லது 'இ-சஞ்சீவனி' செயலியில் கைபேசி எண்ணைப் பதிந்து வீட்டிலிருந்தே மருத்துவரோடு பேசலாம். கட்டணம் கிடையாது. படம் காட்டுவதாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கேமராவில் 'பியூட்டி மோடு' அணைந்திருக்கட்டும். அது போட்டிருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டிய புள்ளியையே கேமரா அழித்துவிடும். தள்ளி நின்று ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். ஏற்கெனவே ஏதாவது கிரீம் போட்டுக்கொண்டிருந்தால் அந்த டியூபின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென்று நிறுத்தும்போது முகம் இன்னும் எரியும், எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.