கருப்புக் கூஜாவும் கருப்பு சிவப்புப் பானையும்

கோலகங்சார் பக்கம் போனவர்கள் அந்தக் கருப்புக் கூஜாவைப் பார்த்திருப்பீர்கள். பேரா ஆற்றின் அக்கரையில் இருக்கும் சாயோங் கிராமத்து மலாய்க்காரர்களின் கைவண்ணம் அது. சுரைக்காய் வடிவில் இருப்பதால் 'லாபு சாயோங்' என்று பெயர். அந்தக் கருப்பு, சாயம் பூசியதால் வந்ததல்ல.

களிமண்ணில் இரும்புச் சத்து உண்டு. காற்றோட்டத்தில் சுட்டால் இரும்பு துருப்பிடித்ததுபோல் மண் சிவக்கும். சாயோங்கில் கூஜா தணலாக இருக்கும்போதே எடுத்து உமிக்குள் புதைக்கிறார்கள். காற்று புக வழியில்லை. உமி கருகி எழும் புகையின் கரி, மண்ணின் நுண்துளைகளில் படிகிறது. கூஜா கருத்துவிடுகிறது. மண் ஒன்றுதான், காற்று கிடைத்தால் சிவப்பு, கிடைக்காவிட்டால் கருப்பு.

இதே சூட்சுமம் நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில், 1876-ஆம் ஆண்டு ஜெர்மானியர் ஜாகோர் தோண்டத் தொடங்கிய இடத்தில், முதுமக்கள் தாழிகளோடு கருப்பு சிவப்புப் பானைகளும் கிடைத்தன. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உட்புறத்திற்குக் காற்று போகாது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அதற்காக, சாயோங் கலை நம்மிடமிருந்துதான் போனது என்று மார்தட்டக் கூடாது. நெருப்புக்கும் மண்ணுக்கும் எல்லா நாட்டிலும் ஒரே விதிதான். கடல் கடந்து மெக்சிகோவின் ஜைனா தீவில், மாயா மக்கள் இறந்தவர்களோடு சுடுமண் பொம்மைகளைப் புதைத்தார்கள். அவற்றில் பல, ஊதினால் ஒலிக்கும் ஊதல்கள்.

துணி மக்கும், மரம் உளுக்கும். சுட்ட மண் மீண்டும் களிமண் ஆகாது. அதனால்தான் பானை ஓடு நல்ல சாட்சி. 2014-இல் அகழாய்வு தொடங்கிய கீழடியில், ஓட்டில் கீறிய தமிழி எழுத்துகளே ஆட்களின் பெயரைச் சொல்கின்றன. 2012-இல் உலகப் பாரம்பரியத் தளமான நம் லெங்கோங் பள்ளத்தாக்கின் குவா ஹரிமாவ் குகையிலும் கல்லறைகளோடு மண்பாண்டங்கள் கிடைத்தன. எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்ற குறிப்பு போய்விட்டால், ஓடு வெறும் ஓடாகிவிடும்.

நம் தோட்டப்புற வாழ்க்கைக்கும் இது பொருந்தும். லயங்கள் உடைபட்டு, பால்மரங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிய இடங்களில் எத்தனை பொங்கல் பானைகள், சட்டிகள், அகல் விளக்குகள் மண்ணுக்குள் போயினவோ! பாட்டியின் சட்டி ஒன்று இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து வீசிவிடாதீர்கள். எந்தத் தோட்டம், யார் புழங்கியது, எதற்குப் பயன்பட்டது, எந்த ஆண்டு வாக்கில் என்று ஒரு தாளில் எழுதி அதனுள்ளேயே போட்டு வையுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வரும் தைப்பொங்கலின்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான் இது.