அல்பத்தில் இல்லாத படம்

2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது எங்கள் வீட்டு அல்பமும் போனது. நான் அப்போது பிறக்கவில்லை. அதற்கு முன்பே மௌத்தாகிவிட்ட மூத்தவாப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. "தேத்தண்ணிக் கோப்பைய ரெண்டு கையாலயும் பிடிச்சித்தான் குடிப்பாரு" என்பார் உம்மம்மா. அல்பம் மிஞ்சியிருந்தாலும் அந்தக் கைகள் அதில் இருந்திருக்காது. கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் மட்டுமே படம் எடுத்த காலம் அது.

1839 இல் பாரிஸில் புகைப்படக்கலை அறிவிக்கப்பட்டபோது, ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். இன்று கையடக்கத் தொலைபேசிக்கு ஒரு கணம் போதும். அதனால் சிரிப்பு தொடங்கும் நொடியையும் பிடிக்கலாம்.

கல்குடாவில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலை ஒளி வளிமண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறிப் பொன்னிறம் மிஞ்சுகிறது. அது சாய்வாக விழுவதால் முகச் சுருக்கமும் வலைக் கண்ணிகளும் தெளிவாகத் தெரிகின்றன. உப்புக்காற்றுப் படிந்த கெமராக் கண்ணாடியைத் துடைத்து, ஃபிளாஷை நிறுத்தினால் போதும்.

இன்று காலை ஜன்னலோரம் உம்மம்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. எடுத்தேன். காத்தான்குடியிலுள்ள சாச்சிக்கும் உடனே அனுப்பிவைத்தேன். ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீடு அறியும்.